கம்பவுண்டர் எதிர்பார்த்த கொலை

மைசூரில் எவரும் இயற்கையாக இறந்ததில்லை என்பது எங்கள் தெருக் கம்பவுண்டரின் அசைக்க முடியாத கொள்கை. கொள்ளேகாலத்து மருத்துவமனை ஒன்றில் மருந்து கலந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறு வயதில் உறக்கத்திலேயே போய்ச் சேர்ந்த ஒரு முதியவரின் சடங்கில், பந்தியில் அமர்ந்தபடி, “ராத்திரி கடைசியா பால் குடுத்தது யாருங்?” என்று கேட்டவர். அன்றிலிருந்து தெருவில் துக்கம் நிகழ்ந்தால் அவருக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அவரே வந்துவிடுவார்.

இந்த மேதைக்கு வாய்த்த ஒரே உதவியாளர் என் மனைவி ருக்மிணி. இருவரும் துப்பறியும் நாவல் பித்தர்கள். பாதிக் கதையில் நிறுத்திவிட்டுக் கொலையாளி யார் என்று பந்தயம் கட்டுவார்கள். தோற்றவர் காபி தர வேண்டும். யார் தோற்றாலும் காபி போட்டவள் ருக்மிணிதான். தர்க்க சாஸ்திரம் கற்பித்துப் பிழைத்த என்னை அவர்கள் இருவருமே ஒரு பொருட்டாகக் கொண்டதில்லை.

ஒரு நாள் காலை கம்பவுண்டர் மூச்சிரைக்க வந்தார்.

“அம்மா, எதிர்வீட்டு சிவண்ணா போயிட்டாருங்.”

“எங்கே போனார்?”

“மேலேங்.”

ருக்மிணி அடுப்பை அணைத்தாள்.

“சில நாளா அந்த வாசல்ல கோலம் இல்ல, பாத்தீங்களா? சாவு விழுந்த வீட்லதான் கோலம் நிக்கும். ஆனா அழுகைச் சத்தம் இல்ல. செத்தும் அழுவலைன்னா என்னங்க அர்த்தம்?”

“அவர் ஊருக்குப் போயிருக்கலாம்” என்றேன் நான்.

“செருப்பு வாசல்ல கெடக்குது. ஸ்கூட்டர் நிக்குது. உங்க தர்க்கத்துல மனுசன் பறந்து போவானுங்களா சார்?”

“பொணம் எங்கே கம்பவுண்டரே? பொணம் இல்லாம நான் நம்ப மாட்டேன்” என்றாள் ருக்மிணி.

“மாடித் தண்ணித் தொட்டி. மூடி மேல கல்லு வெச்சிருக்குது. சாயங்காலம் போலீசுக்குப் போயிடறேனுங்.”

“சும்மனே இரும்! தப்பாப் போச்சுன்னா அவர் பொண்டாட்டி கௌரி இந்தத் தெருவில தலைநிமிர்ந்து நடக்க முடியுமோ? நான் முதல்ல உறைமோர் கேட்டுண்டு போறேன்.”

போன ருக்மிணி உறைமோர் இல்லாமல், கௌரியோடு திரும்பினாள். கௌரியின் முகம் அழுது வீங்கியிருந்தது. விஷயம் இதுதான்: இத்தனை ஆண்டுகளாக விடியுமுன் அந்த வாசலில் கோலமிட்டவர் சிவண்ணா. கௌரிக்கு ஒரு கோடுகூட நேராக வராது. சிவண்ணாவின் சொந்த ஊரான ஹனூரில் ஒரு கல்யாண வீட்டில் அவள் இதை விளையாட்டாகச் சொல்லிவிட, அவளுடைய அண்ணன்மார், கல்யாணம் முடியும்வரை அவரைக் ‘கோலக்காரி’ என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். வீடு திரும்பியதும் சண்டை. சிவண்ணா செருப்புக்கூட மாட்டாமல் இறங்கிப் போய்விட்டார்.

“போலீசுக்குப் போனா ஏன் போனாருன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்லட்டும்க்கா? அவருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நானே கொன்ன மாதிரிதானே?”

“அந்தத் தொட்டி மூடி…” என்றார் கம்பவுண்டர் ஈனசுரத்தில்.

“கொரங்கு தெறக்குதுங்ணா, அதான் கல்லு.”

அவர் முகம் வாடியதைப் போல் ஒரு முகம் வாடி நான் கண்டதில்லை. எழுந்துபோய் எதிர்வீட்டு வாசலில் கிடந்த செருப்பைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். “ஹனூர்க்காரரு மனசு ஒடைஞ்சு வெறுங்காலோட எறங்குனா வேற எங்கீங்க போவாரு? அவங்க சாமி இருக்கற மாதேஸ்வரன் மலைக்குத்தான்” என்றவர், அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் சிவண்ணாவோடு வந்தார். மலையின் அத்தனை கூட்டத்தில் கண்டுபிடித்தது எப்படி? ஒரு தேங்காய்க் கடையின் முன் எட்டிதழ்த் தாமரையும் அதன் நடுவே ஒரு கிளியும் கோலமாக இருந்தனவாம். எதிர்வீட்டு வாசலில் அவர் அன்றாடம் கண்ட கிளி. “இதைப் போட்டது யாருங்?” என்று கேட்டாராம். உள்ளே தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தாராம்.

“பெத்த புள்ளைகூட இன்னும் போன் பண்ணிக் கேக்கலை. நீங்க எதுக்குங்ணா இவ்ளோ தூரம் வந்தீங்க?” எங்கள் கூடத்தில் அமர்ந்து சிவண்ணா கேட்டார்.

“பொணம் கெடைக்கும்னு நெனைச்சேன். நீங்க உசுரோட இருக்கறது எனக்கு ஏமாத்தந்தானுங்.”

சிவண்ணா சிரித்தார். கௌரி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அடுத்த நாள் வெயில் ஏறியபின், தெருவே பார்க்க, சிவண்ணா வாசலில் அமர்ந்து கோலமிட்டார். அருகே கைகட்டிக் காவல் நின்ற கம்பவுண்டர் அறிவித்தார்: “சிரிக்கறவங்க சிரிங்க. இந்தத் தெருவுல அடுத்த சாவுக்கு அவங்கதான் மொதல் சந்தேக ஆளு.” ஒருவரும் சிரிக்கவில்லை.

சென்ற மார்கழியில் ருக்மிணி காலமானாள். கம்பவுண்டர் வந்தார், ஒரு மூலையில் அமர்ந்தார், எவரையும் எதுவும் கேட்கவில்லை.

சில வாரங்களுக்குப் பின் ஒரு நாள், எவரிடமும் சொல்லாமல் மேல்கோட்டைக்குச் சென்றேன். அது அவள் பிறந்த ஊர். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் குளத்துப் படியில் வெகுநேரம் அமர்ந்திருந்தேன். திரும்பிப் போக வேண்டிய காரணம் ஒன்றும் எனக்கு உடனடியாகப் புலப்படவில்லை. பிற்பகலில் பக்கத்தில் யாரோ மூச்சிரைக்க உட்கார்ந்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கம்பவுண்டர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, பெரிய பங்கை என் பக்கம் தள்ளிவிட்டு, “கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குதுங் சார், மெதுவா சாப்பிடுங்க” என்றார்.