மகாராணிக்கு முன்னால் மணல் மூட்டை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. நான், உங்கள் தங்கை, எங்கள் மகள் மகாராணி மூவரும் சுகம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், முக்கியமாக உங்கள் மூக்கும், சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூக்கைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம், போன வாரம் நீங்கள் போனில் பேசியதில் பாதி தும்மலாக இருந்ததுதான். மீதிப் பாதி நன்றாகவே காதில் விழுந்தது. "அந்தப் புள்ளைக்கு என்ன புரியப் போவுது மாப்ள? தீம் பார்க்கு அது இதுன்னு எதுக்கு வீண் அலைச்சல்?" என்றீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, மகாராணி பக்கத்தில் இருந்தாள். தீம் பார்க் என்ற பேச்சைக் கேட்டதும் அவள் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள் மச்சான். அவள் அப்படிச் சிரித்து மாதக்கணக்காகிறது. அந்த நிமிஷமே போயே தீருவது என்று முடிவு கட்டிவிட்டேன். உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான், ஆனால் இருக்கிறது. அதனால்தான் போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன். இதில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, தும்மவும் முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். நடக்க முடியாத, பேச முடியாத, கழுத்து நிற்காத, வயிற்றுக் குழாய் வழியாகச் சாப்பிடுகிற ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்புவது என்றால் படையெடுப்பு மாதிரி என்று உங்களுக்கே தெரியும். முதலில் பார்க்குக்குப் போன் செய்து, படுக்க வைத்து உடை மாற்ற இடம் இருக்கிறதா என்று கேட்டேன். "குழந்தைங்களுக்கு மேடை இருக்கு சார். பாப்பாவுக்கு எத்தனை மாசம்?" என்றாள் எடுத்தவள். "பதினோரு வருஷம்மா" என்றேன். லைனில் பாட்டைப் போட்டுவிட்டுப் போனவள் திரும்பி வரவேயில்லை. பிறகு விதிமுறைகளைப் படித்தேன். ஏறுகிறவர் சாய்மானத்தில் அசையாமல் உட்கார வேண்டுமாம், வேண்டும் வேண்டாம் என்று தெரிவிக்கத் தெரிய வேண்டுமாம். தெரியாமல் என்ன? மேலே பார்த்தால் ஆமாம், கண்ணை இறுக்கி மூடினால் வேண்டாம். நம் வீட்டில் அவளைப் போல முகத்துக்கு நேரே பதில் சொல்கிறவர் வேறு யாரும் கிடையாது.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஆளை ஏற்றுவதற்கு முன்னால் எடையை ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் எந்த லிஃப்டையும் திறந்துவிட்டதில்லை. ஆகவே மகாராணியின் எடைக்கு ஒரு மணல் மூட்டை கட்டினேன். அதற்கு அவளுடைய நீலச் சட்டையைப் போட்டு, தொப்பி வைத்து, பெல்ட் மாட்டி, அவளுடைய சக்கர நாற்காலியிலேயே உட்கார வைத்தேன். "என் பொண்ணு சட்டைய மண்ணு மூட்டைக்கு மாட்டியிருக்கீங்களே, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்று உங்கள் தங்கை கத்தியது உங்கள் வீடு வரைக்கும் கேட்டிருக்கும். மூட்டையைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து இடம் விட்டு, "அலுங்காம குலுங்காம எப்படித் தூங்குது பாருங்க" என்றார். வாசலில் காவலாளி குடை பிடித்துக் கூடவே வந்து, "பாப்பாவுக்கு வெயில் படப் போகுது சார்" என்றார். நான் நன்றி சொன்னேன். அந்த நேரத்தில் போய் மணல் மூட்டை என்று எப்படிச் சொல்ல? கற்கள் பதித்த பாதையில் சக்கரம் சிக்குகிறது, குளத்தோரப் பாதை வழுவழு என்று இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் மெதுவாக மிதந்து போகும் படகுக்கு வந்தேன். படகுக்காரர் மூட்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அசையாம உக்காந்திருக்கே, சமத்து! ஏத்துங்க சார்" என்றார். வினை முதல் வளைவில் வந்தது. கட்டு அவிழ்ந்து, தொப்பி தண்ணீரில் விழுந்து, சட்டைக் கழுத்திலிருந்து மணல் கொட்ட ஆரம்பித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் தலையில்லாத குழந்தையைப் பார்த்துப் போட்ட அலறலில் படகு நின்றது, பக்கத்து ராட்டினமும் நின்றது.

மேலாளர் அம்மா ஓடி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "ஏன் சார், பாப்பாவையே கூட்டிட்டு வந்திருக்கலாமே?" என்றார். "அவள வச்சு சோதனை பண்ண முடியாதும்மா. இல்லன்னு சொல்லி அவளத் திருப்பி அனுப்பிட்டா என்னால தாங்க முடியாது" என்றேன். படகுக்காரர் மணலைக் கூட்டிக்கொண்டே, "மூட்டையவே ஏத்திட்டேன், பாப்பாவ ஏத்த மாட்டேனா?" என்றார். மேலாளர் சிரித்துவிட்டார். உடை மாற்ற முதலுதவி அறைக் கட்டில், ஏறி இறங்கும் வரை நிறுத்தி வைத்த படகு, உள்ளே கொண்டுபோக மிக்ஸியில் அடித்த சாப்பாடு, எல்லாவற்றுக்கும் சரி என்றார். ஆக, வேலை முடிந்தது. எங்களுக்கு யார் தயவும் வேண்டாம். நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை, வீட்டிலேயே இருந்து மூக்கைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் பேச்சு வந்த இடத்தில், ஒரு வேகத்தில், உங்களைப் போலவே தும்மியும் காட்டினேன். மகாராணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதே சிரிப்பு. அப்படியானால் அன்றைக்கு அவள் சிரித்தது உங்கள் தும்மலுக்கா? "தீம் பார்க் வேணுமாடா கண்ணு?" என்று கேட்டேன். கண்ணை இறுக்கி மூடினாள். மூட்டையை ஏற்றிப் பார்த்தேனே தவிர, இந்தக் கேள்வியை அவளிடம் நான் கேட்கவே இல்லை மச்சான். "மாமா வேணுமா?" என்றாள் உங்கள் தங்கை. பார்வை கூரைக்குப் போனது. "மாமாவோட பார்க்குக்குப் போலாமா?" போன பார்வை கீழே இறங்கவே இல்லை. அவளுக்கு என்ன புரியும் என்று கேட்டீர்களே, இதுதான் அவள் பதில். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். ஞாயிறு காலை வந்து சேருங்கள், படகில் அவள் பக்கத்தில் உங்களுக்குத்தான் இடம். அதற்குள் ஜலதோஷம் குணமாகிவிட்டாலும் பரவாயில்லை, மிளகுத்தூள் வாங்கி வைத்திருக்கிறேன்.