ஒத்தை சாக்ஸுக்கு வந்த திட்டு

"சோப்புத் தண்ணியில விழுந்த மீன்கூட இந்த சாக்ஸை விட ஸ்டெடியா நிக்கும்" என்ற வரியை வாசகி மறுபடியும் படித்தாள். எத்தனை முறை படித்தாலும் அது பாராட்டாக மாறுகிற மாதிரித் தெரியவில்லை.

வாசகி என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில், இரண்டே அறைகளில் நடந்த சின்ன வீடியோ கேம் கம்பெனி அது. ஆடியவர்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் எழுதும் கருத்துகளைப் படித்து, கேமை உருவாக்கியவரிடம் எடுத்துச் சொல்வது அவள் வேலை. உருவாக்கியவர் எதிர் மேசையில் உட்கார்ந்து, நகத்தைக் கடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கணவர்.

கேமின் பெயர் 'ஒத்தை சாக்ஸ்'. துவைக்கும்போது ஜோடியைத் தொலைத்துவிட்ட ஒரு சாக்ஸ்தான் கதாநாயகன். கையடக்க கேம் கன்சோலின் தொடுதிரையில் நாம் விரலால் கோடு இழுத்தால், அது துணி காயப்போடும் கொடியாக மாறும். சாக்ஸ் அதன்மேல் ஓடும், அடுத்த கொடிக்குத் தாவும். நடுவில் காக்கா வந்து கொத்தும். கடைசிக் கொடியில் ஜோடி காத்திருக்கும். இதைச் செய்து முடிக்க அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஆபீஸில் அவர் பெயரே சாக்ஸ்காரர் என்றாகிவிட்டது.

இதற்கு முன்னால் அவர் செய்த கேமுக்கு யாரோ ஒருவர் "தூக்கம் வருது" என்று எழுதினார். அந்த இரண்டு வார்த்தைக்காக முழு கேமையும் மூட்டை கட்டி அலமாரியில் போட்டவர் அவர். அப்புறம் கொஞ்ச நாள் வீட்டில் கடிகாரம் டிக் டிக் என்றால்கூட, "பாரு, அதுவும் கிண்டல் பண்ணுது" என்பார். அப்படிப்பட்டவரிடம் சோப்புத் தண்ணி மீனைப் பற்றி எப்படிச் சொல்வது?

"ஏதாவது வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுங்க."

"யாரு?"

"ஈரத்துண்டுன்னு பேர் போட்டிருக்கு."

"என்ன சொல்றாராம்?"

வாசகி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சாக்ஸ் அப்படியே வழுக்கிக்கிட்டுப் போற அழகு இருக்கே, அது ரொம்பப் பிடிச்சிருக்காம்."

அவர் நகம் கடிப்பதை நிறுத்தினார். அவளை ஒரு மாதிரி பார்த்தார். "வழுக்கறதா? அழகாவா இருக்கு?"

"ரொம்ப அழகு."

"உனக்கும் அப்படித்தான் தோணுதா?"

"பின்னே? மனசை அள்ளுது!"

அவர் காது சிவந்தது. கல்யாணத்துக்கு முன்னால், இதே மேசையில், அவள் முதன்முதலாகப் பேனா கடன் கேட்ட நாளில் சிவந்த மாதிரியே. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பித் தட்ட ஆரம்பித்தார்.

வாசகிக்கு நிம்மதி. அந்த நிம்மதி மாலை வரைதான் இருந்தது.

"வழுக்கலை ரெண்டு மடங்காக்கிட்டேன்!" என்று கன்சோலை அவள் கையில் கொடுத்தார். அவள் கொடி இழுத்தாள். சாக்ஸ் அதில் கால் வைத்தது தெரிந்தது. அப்புறம் அது எங்கே போனது என்று தெரியவில்லை.

*

முதலாளி நல்ல மனிதர்தான். வாய்தான் கொஞ்சம் நீளம். கேம் வெளியான புதிதில், நாள் கணக்கில் ஒரு கருத்தும் வராமல் இருந்தபோது அறை நடுவில் நின்று சொன்னார்: "கருத்தே வராத கேமுக்குக் கருத்து படிக்க ஒரு ஆளு. சீக்கிரம் ஏதாவது வந்தாச் சரி. இல்லேன்னா ஆளை அனுப்பிட்டு அந்த மேசையில பூந்தொட்டி வெச்சிடலாம்."

விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியாத சிரிப்பு அவருடையது. வாசகி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரே டப்பாவில் மதியம் சாப்பிட்டு, ஒரே பஸ்ஸில் வீடு திரும்பும் வாழ்க்கை ஒரு பூந்தொட்டிக்குப் போய்விடுமோ என்ற பயம். நல்லவேளையாக மறுநாளே ஈரத்துண்டு வந்து சேர்ந்தார். என்ன, வந்தவர் திட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

முதலாளியிடம் மட்டும் அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"திட்டா, பாராட்டா?" என்றார் அவர்.

"நல்ல திட்டு சார்."

"சபாஷ்! பாராட்டினா சொந்தக்காரன் எழுதினதுன்னு அர்த்தம்மா. திட்டினாத்தான் நிஜமா உட்கார்ந்து ஆடியிருக்கான்னு அர்த்தம்."

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். தாங்கமாட்டார்."

"நான் ஏம்மா சொல்லப்போறேன்? உன் பாடு, உன் வீட்டுக்காரர் பாடு."

முதலாளிக்கு கேம் ஆடத் தெரியாது. கன்சோலைக் காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைப்பார்.

அடுத்து 'பழைய வாளி' என்ற பெயரில் ஒருவர் எழுதினார்: "கொடி இழுக்கிற விரலே பாதித் திரையை மறைச்சிடுது. காக்கா எங்கிருந்து வருதுன்னே தெரியலை. இதைச் செஞ்சவர் விரலைக் கழட்டி வெச்சுட்டு ஆடுவாரோ?"

ஆடுகிறவர்கள் எல்லாரும் எவ்வளவு ரசனையாகத் துணி துவைக்கிற பெயராகவே வைத்துக்கொள்கிறார்கள் என்று வாசகி வியந்தாள். பிறகு எதிர் மேசைக்குப் போனாள்.

"காக்கா எங்கிருந்து வருதுன்னே தெரியாம திடீர்னு வர்றதுதான் சுவாரசியமே, அப்படீன்னு எழுதியிருக்காங்க."

"அப்படியா?" அவர் மறுபடியும் அதே பார்வை பார்த்தார். "காக்கா உனக்குப் பிடிச்சிருக்கா?"

"காக்காவைப் பிடிக்காதவங்க யாராவது இருப்பாங்களா?"

மாலையில் திரை முழுக்கக் காக்கா. சாக்ஸ் வானத்தில் போகிறதா, காக்கா வயிற்றில் போகிறதா என்று சொல்ல முடியாத அளவுக்குக் காக்கா.

மூன்றாவதாக வந்தவர் 'கிளிப் ராஜா'. "அந்தப் பாட்டு! பல் டாக்டர் வெயிட்டிங் ரூம்ல கொசு கச்சேரி பண்ற மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தார். "பாட்டு காதை விட்டுப் போகவே மாட்டேங்குதாம்" என்றாள் வாசகி. இதில் பாதியாவது உண்மை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அவர் உற்சாகமாகி, சாக்ஸ் விழும்போதெல்லாம் பாட்டு முதலிலிருந்து தொடங்கும்படி செய்தார். வழுக்கலும் காக்காவும் சேர்ந்து சாக்ஸை மூச்சுக்கு ஒரு முறை தள்ளியதால், பாட்டின் முதல் வரியைத் தாண்டி யாரும் கேட்கவே முடியவில்லை.

அடுத்த அறையில் எல்லாரும் 'ஹெட்போன்' என்று கூப்பிடும் பெண், வாழ்க்கையில் முதல்முறையாக ஹெட்போனுக்கு மேல் ஒரு துணியையும் சுற்றிக்கொண்டாள். இணையப் பக்கத்தைப் பராமரிப்பவள் அவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வீட்டில் கிடைக்காத அமைதியை ஆபீஸில் ஹெட்போன் மாட்டிச் சம்பாதிப்பவள். அவள் பேசி யாரும் கேட்டதில்லை என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

*

குண்டு அதற்கப்புறம்தான் விழுந்தது.

"வெள்ளிக்கிழமை விநியோக கம்பெனி மேடம் வர்றாங்க" என்றார் முதலாளி. "கடை கடையா கேமைக் கொண்டுபோய் வைக்கிறது அவங்கதான். புதுப் பதிப்பை ஆடிப் பார்ப்பாங்க. பிடிச்சா எடுத்துக்குவாங்க. பிடிக்கலேன்னா சாக்ஸை மூட்டை கட்டிட வேண்டியதுதான், வேற வழியில்லை. வாசகி, நீ ஜனங்க கருத்தை எல்லாம் படிச்சுக் காட்டணும்."

வாசகி எதிர் மேசையைப் பார்த்தாள். இரண்டு வருட உழைப்பு. அதை வழுக்கி விழவைத்தது அவள் வாய்.

வீட்டுக்குப் போனதும் மொட்டைமாடிக்கு ஓடினாள். கணவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வழுக்கலைக் கொஞ்சம் குறைச்சிடலாமா?"

ஒரு துண்டை உதறினார். அவள் முகமெல்லாம் தண்ணீர். "ஏன்? பிடிச்சிருக்குன்னுதானே சொன்னே?"

"சொன்னேன். ஆனா இப்ப சில பேரு, சாக்ஸ் கொஞ்சம் நின்னு நிதானிச்சுப் போனா தேவலாம்னு நினைக்கிறாங்க."

"சில பேரா?" அவர் சிரித்துக்கொண்டார். "வழுக்கவும் செய்யணும், நிக்கவும் செய்யணும். அவ்வளவுதானே? விடு, நான் பாத்துக்கறேன்."

"அப்படி இல்லைங்க..."

"நீ ஒண்ணும் கவலைப்படாதே. உன் ரசனை எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலையில் புதுப் பதிப்பு தயாராக இருந்தது. இப்போது சாக்ஸ் கொடியின் நடுவில் போய், ஏதோ மறந்துபோன மாதிரி நிற்கும். காக்காக்கள் எல்லாம் கூடிவரும் வரை பொறுமையாக நிற்கும். பிறகு திடீரென்று ஞாபகம் வந்த மாதிரி விருட்டென்று பின்பக்கமாக வழுக்கும்.

வாசகி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

*

வெள்ளிக்கிழமை வந்த மேடத்துக்கு, சிரிப்பை வாடகைக்குக்கூட விடாத முகம். நாற்காலியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். கன்சோலை வாங்கிக்கொண்டார். சாக்ஸ்காரர் பக்கத்தில் நின்றார். வாசகி கதவுப் பக்கம் நின்றாள், ஓடுவதற்கு வசதியாக.

மேடம் விரலால் கொடி இழுத்தார். சாக்ஸ் ஓடியது. நின்றது. காக்கா ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. ஒரு கூட்டமே வந்தது.

"ஏன் நிக்குது?" என்றார் மேடம்.

சாக்ஸ்காரர் வாசகியைப் பார்த்தார்.

"போயேன்!" என்று மேடம் சாக்ஸை அதட்டினார். சாக்ஸ் பின்பக்கமாக வழுக்கிக் காணாமல் போனது. கொசு கச்சேரி முதலிலிருந்து ஆரம்பித்தது.

மேடத்தின் உதடு லேசாகத் துடித்தது. மறுபடியும் ஆடினார். மறுபடியும் நின்றது. "டேய், டேய், வர்றாங்கடா, ஓடுடா!" என்று மேடம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். சாக்ஸ் ஓடவில்லை. காக்கா தூக்கிக்கொண்டு போனது. கச்சேரி ஆரம்பித்தது.

அப்போது அறையில் ஒரு சத்தம் கேட்டது. குக்கர் விசில் மாதிரி. மேடம் சிரிக்கிறார் என்று புரிய எல்லாருக்கும் கொஞ்ச நேரம் ஆனது.

"நீங்க பிடிங்க சார், நீங்க பிடிங்க!" கன்சோல் முதலாளி கைக்குப் போனது. முதலாளி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேம் ஆடினார். "அடப்பாவி, எங்கடா போறே!" என்று அவர் கத்திய கத்தலில் கீழே கண்ணாடிக் கடைக்காரர் மேலே ஏறி வந்தார். அவரும் ஆடினார். அவரும் விழுந்தார். சாக்ஸ் விழ விழ, அறையிலிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசை மேல் சாய்ந்தார்கள்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒழுங்கா தாவுற கேம் என்கிட்ட நூறு இருக்கு. வீட்டுல நாலு பேர் கூடி உட்கார்ந்து, ஒருத்தர் விழறதைப் பாத்து மத்தவங்க சிரிக்கிற கேம் ஒண்ணுகூட இல்லை. இதை நான் எடுத்துக்கறேன். ஜனங்க என்ன சொல்றாங்க? படிங்க."

எல்லாரும் கதவுப் பக்கம் பார்த்தார்கள்.

வாசகியால் அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. மீனைப் படித்தாள். கழற்றி வைத்த விரலைப் படித்தாள். பல் டாக்டரின் கொசுவையும் படித்தாள். படித்து முடித்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். கண் கலங்கியது.

"இதுதாங்க அவங்க எழுதினது. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு நான்தான் மாத்திச் சொன்னேன். நீங்க அதை நம்பி எல்லாத்தையும் தலைகீழாக்கிட்டீங்க. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் உடைந்துபோவார் என்று நினைத்தாள். அவரோ திருதிருவென்று விழித்தார்.

"அப்ப... வழுக்கறது அழகா இருக்குன்னது?"

"சும்மா சொன்னதுங்க."

"காக்கா?"

"அதுவும்தான்."

"அடடா! நான் உனக்குப் பிடிச்சிருக்குன்னு நினைச்சுத்தானே இவ்வளவும் செஞ்சேன்?"

"எனக்கா? எழுதினது அவங்க, நடுவுல நான் எங்க வந்தேன்?"

அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு டீ கப்பைக் கையில் எடுத்தார். மேடத்துக்கு மறுபடியும் விசில் வந்தது. "நல்ல ஜோடிப்பா நீங்க!" என்று எழுந்தார். வாசலில் நின்று திரும்பி, "அந்த ஈரத்துண்டு யாருன்னு பாருங்க. திட்டறதைக்கூட எவ்வளவு ரசிச்சுத் திட்டறாரு! அடுத்த கேமுக்கு விளம்பரம் எழுத அவரை நானே கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

முதலாளி கைதட்டினார். "கேட்டியாம்மா? எப்படியாவது அந்த ஈரத்துண்டைத் தேடிப் பிடி. பழைய வாளி, கிளிப் ராஜா, ஒருத்தரையும் விட்டுடாதே. எல்லாருக்கும் பரிசு கொடுக்கலாம்."

"இன்னிக்கே தேடறேன் சார்" என்றாள் வாசகி உற்சாகமாக.

சாக்ஸ்காரருக்கு டீ புரையேறியது.

அடுத்த அறைக் கதவு திறந்தது. ஹெட்போன் முதலில் துணியைக் கழற்றினாள். பிறகு ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"தேடிக்கிட்டு எங்கேயும் அலைய வேண்டாம்க்கா" என்றாள். "அந்த மூணு பேரும் நம்ம சாக்ஸ் அண்ணனோட கம்ப்யூட்டர்ல இருந்துதான் எழுதறாங்க, வெளியாள் ஒருத்தர்கூட இன்னும் ஒரு வரி எழுதலை."