மாமா வீட்டுக் கிணற்றில் மண்ணெண்ணெய்

கல்யாணப் பேச்சின்போது என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு பொய்யை நான் திருத்தவில்லை. பர்மா எண்ணெய் வயலில் நான் எஞ்சினியராம். உண்மையில், எந்தத் துளைக்குள் எவ்வளவு தண்ணீர் செலுத்தினார்கள் என்று கந்தோர் மேசையில் இருந்து கணக்குக் கொப்பியில் எழுதும் கிளாக்கர். எண்ணெய் வற்றும்போது ஒரு துளையால் தண்ணீரை அமுக்கினால், அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டுபோய் அடுத்த கிணற்றால் வெளியேற்றும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

யுத்தம் துரத்த ஊர் வந்து, உப்புக்குளத்தில் மாப்பிள்ளையாகி மூன்றாம் மாதம், மாமாவின் கடைக்குப் பின்னால் புதைத்திருந்த மண்ணெண்ணெய்த் தொட்டியின் பம்புக் குழாய் பாதியில் முறிந்தது. அடியிலிருந்த எண்ணெய் எட்டவில்லை. புதுக் குழாய் கிடைக்காத காலம். ஊரில் விளக்கெரிக்க வேறு எண்ணெயும் இல்லை.

“மருமகன், நீங்கள் எண்ணெய் எடுத்த ஆள்தானே. ஏதும் செய்ய ஏலுமா?” என்றார் மாமா.

“தண்ணி விட்டா எண்ணெய் மேல வரும் மாமா.” (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

தொட்டிக்குப் பக்கத்திலேயே இருந்த வீட்டுக் கிணற்றிலிருந்து, மாமாவின் மகன், என் மச்சான், வாளி வாளியாக இறைத்துத் தொட்டிக்குள் ஊற்றினான். அந்த ஒழுங்கையின் வீடுகளுக்கெல்லாம் குடிக்கக்கூடிய தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான். நான் கதிரையில் சாய்ந்திருந்து, வாளிக்கு ஒன்றாகக் கொப்பியில் கோடு கீறினேன். பம்பில் எண்ணெய் வந்தது. மாமா அயலவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். சற்று நேரத்தில் பம்பில் வெறும் தண்ணீர் வந்தது.

“இடைக்கிடை இப்படி வரும். ஊத்துங்கோ,” என்றேன். (எனக்கு எப்படித் தெரியும்?)

நாற்பதாவது வாளியில் மச்சான் நின்றான். “மச்சான், இந்தத் தண்ணி மணக்குது.”

“தொட்டிக்குப் பக்கத்தில நிண்டா மணக்கத்தான் செய்யும். ஊத்துங்கோ.”

மேலும் பத்து வாளி போனபின் மாமி வெறுங்குடத்தோடு வந்தார். “மருமகன், கிணத்துக்குள்ள எண்ணெய் மிதக்குது.”

தொட்டியின் நடுப்பக்கத்தில் துருப்பிடித்த ஓட்டை. அதற்குக் கீழே எண்ணெய் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. நான் அதை ஓட்டை வரை உயர்த்தி, மணலுக்குள்ளால் கிணற்றுக்கு அனுப்பி, அங்கிருந்து மச்சானைக் கொண்டே திரும்ப இறைப்பித்திருக்கிறேன். தண்ணீர் விடுமுன் ஒழுக்கு எங்கே என்று பார்க்கவேண்டும் எனப் பர்மாவில் துரை சொன்னதை என் கையாலேயே எழுதியிருந்தேன். (எழுதினேன், வாசிக்கவில்லை.)

“பர்மாவிலயும் இப்படித்தானா எடுத்தனீங்கள்?” என்று கேட்டார் மாமா.

பக்கத்து வீட்டார் சிரட்டையால் கிணற்று எண்ணெயை வழித்து விளக்கேற்றினார்கள். மாரி மழை இரண்டு முறை பெய்து கிணறு தெளியும்வரை, ஒழுங்கை முழுவதற்கும் தூரத்திலிருந்து குடிதண்ணீர் சுமந்தவன் நான்.

இன்றும் அந்த இடத்துக்கு எண்ணெய்க் கிணற்றடி என்றுதான் பெயர். வெள்ளைக்காரர் தோண்டிய கிணறோ என்று வெளியூரார் யாராவது கேட்டால், என் மனைவி என்னைக் காட்டுவாள்.

“இல்லை. இவர் தோண்டாமலே எடுத்தவர்.”