இருபத்தொரு கிலோமீற்றர் நேர்த்தி

பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தோடுதான் நாகேஸ்வரி இந்தக் கதையைத் தொடங்குவாள். ஓடினது இருபத்தொரு கிலோமீற்றரா, மைலா? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இரண்டும் ஒரே தூரம்தான். ஆனால் கண்ணால் கண்டதில் பிழை வராது.

தர்மபுரம் ஓட்டக் கழகத்தில் ஆறு பேர். அதில் ஒருவர் அவளுடைய புருஷன் வீரகத்தி. வயலுக்குள் இறங்கிய மாட்டைத் துரத்தவே மோட்டார் சைக்கிள் தேடுகிற மனிதர். யாழ்ப்பாணத்து அரை மரதனை ஓடி முடிப்பேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

"ஐம்பத்தாறு வயசு. நெஞ்சு நிண்டிட்டால்?"

"நெஞ்சு நிண்டாலும் கால் ஓடும். நீர் வந்து பாரும்!"

போய்ப் பார்த்தாள். காலை ஆறு மணிக்கு வெடிச் சத்தம் கேட்டதும் பிளந்த வாயை அவள் மூடவில்லை. ஆயிரம் சோடிச் சப்பாத்துகள்! தூரத்து மழை வயலைக் கடந்து வருமே, அந்தச் சத்தம். நரைத்த தலைகள், முக்காடு போட்ட பெண்கள், பள்ளிக்கூடத்து வாத்திமார். பின்னால் துரத்த ஒரு யானைகூட இல்லாமல் இத்தனை சனம் ஓடுவதை அவள் அன்றுதான் கண்டாள்.

இரண்டேகால் மணித்தியாலத்தில் வீரகத்தி வந்து சேர்ந்தார். கழுத்தில் பதக்கம் விழுந்தது. சேட்டில் வேர்வை இல்லை. வாரிய தலை கலையவில்லை. நாகேஸ்வரி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள்.

இன்னும் ஒரு மணித்தியாலம் கழித்து, கழகத்து முத்துலிங்கம் வந்தார். இடது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். சேட்டு முழுக்க உப்புப் பூத்திருந்தது. தெருவே கை தட்டியது. நாகேஸ்வரி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"அண்ணை, நோகேல்லையோ?"

"மற்றவைக்கு ரெண்டு கால் நோகும், தங்கச்சி. எனக்கு ஒண்டுதான்!"

வீரகத்தி தன் பதக்கத்தைச் சேட்டுக்குள் தள்ளிவிட்டார்.

ஊருக்குத் திரும்பும் வான் வண்டியில் நாகேஸ்வரி மெல்லத் தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, வெடி வெடிக்கேக்கை பயத்திலை வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வைச்சிட்டன்."

"பொங்கல்தானே? பொங்கினால் போச்சு."

"பொங்கலில்லை. நீங்கள் உயிரோடை வந்தால், ஓடின ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கோயிலைச் சுத்தி ஒரு பிரதட்டை."

"ஆர் உருளுறது?"

"நீங்கள்தான். நானோ ஓடினனான்?"

வீரகத்தியின் முகத்தில் காலை முழுவதும் வராத வேர்வை அப்போதுதான் வந்தது. இருபத்தொரு சுற்று. சுடுமணல். அவர் அவளின் காதருகே குனிந்தார்.

"நான் மூண்டுதான் ஓடினனான். மிச்சம் ஓட்டோவிலை."

"அடக்கத்திலை சொல்லுறியள்."

"சத்தியமாயப்பா!"

"சேட்டிலை வேர்வைகூட இல்லை. அம்மாளின்ரை அருள்!"

"அது ஓட்டோக் காத்தப்பா! கடைசி வளைவிலை இறங்கி ஓடி வந்தனான். ஓட்டோக்காரனைக் கேட்டுப் பாரும். அப்ப நேர்த்தி மூண்டோடை சரிதானே?"

நாகேஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஓடுகிறார் என்று நம்பி அவள் அம்மாளை மன்றாடிக்கொண்டிருக்க, இவர் ஓட்டோவில் காலை நீட்டிக்கொண்டு போயிருக்கிறார்! அம்மாள் கோபித்தால் குடும்பம் தாங்குமா? எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று, அடுத்த திங்கட்கிழமையே அவரைக் கோயில் மணலில் படுக்க வைத்தாள்.

மூன்றாம் சுற்று முடிந்ததும் வீரகத்தி எழும்பப் பார்த்தார்.

"எங்கை எழும்பிறியள்? இது ஓடின மூண்டுக்கு. ஓட்டோவிலை போன பதினெட்டுக்கு இனித்தான் தெண்டம். உருளுங்கோ!"