நாலறையாரும் கடைசி முட்டையும்

நெடுங்கேணிக்கு அங்கால, எங்கட கொலனியில மருந்து குடுக்க எத்தினையோ பேர் வந்து போயிருக்கினம். ஆனா சனத்தின்ர நெஞ்சைவிட முதலைக்குஞ்சின்ர நெஞ்சைக் கனக்கப் பாத்த அப்போத்திக்கரி இந்த உலகத்திலேயே ஒராள்தான். நாலறையார்.

பேரைக் கேட்டுப் பயப்பிடாதேங்கோ. பல்லுக்கொதியோட வந்த ஒருத்தன், மருந்துக்கு முதல் நாலு அறை விழுமாக்கும் எண்டு கன்னத்தைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினவன். உண்மையில, மலேரியாவுக்கு மருந்து குடுக்கிற அந்த மனுசன் நுளம்பைக்கூட அடிக்கமாட்டார். ஊதித்தான் கலைப்பார்.

அந்தப் பேர் வைச்சது நான்தான். அப்ப நான் கொலனி வீடுகள் கட்டின மேசன். அதுக்கு முதல் ஆனையிறவில உப்பு அள்ளினனான், கால் வெடிப்புக்குள்ள உப்புப் போனால்... சரி, அதை விடுவம். டிஸ்பென்சரிச் சுவர் பூசேக்கை கேட்டார், "மேசன், உம்மட வீட்டுக்கு எத்தினை அறை?"

"ரெண்டு ஐயா. அரசாங்கம் எல்லாருக்கும் ரெண்டுதானே குடுத்தது."

"முதலையின்ர இதயத்துக்கு நாலு. பல்லிக்கும் ஆமைக்கும் மூண்டுதான்."

அண்டைக்கு எனக்கு வேலை ஓடேல்லை. குளத்துக்குள்ள கிடக்கிற சாமானுக்கு நாலு அறை, எட்டுச் சீவனோட இருக்கிற எனக்கு ரெண்டு. கொலனி முழுக்கச் சொல்லித் திரிஞ்சன். பேர் ஒட்டிப்போட்டுது.

ஆவணியில குளக்கட்டுத் திருத்தேக்கை முதலை முட்டை பதினெட்டு அம்பிட்டுது. அடிச்சு உடைக்கப் போன ஆக்களுக்கு முன்னால நாலறையார் போய்க் குந்திக்கொண்டார். ஒரு பெட்டியில மண்ணைப் போட்டு, முட்டை கிடந்த மாதிரியே அடுக்கி, ஒவ்வொண்டின்ர உச்சியிலயும் பென்சிலால கோடு போட்டார். கோழிமுட்டை மாதிரி இதைப் பிரட்டக்கூடாதாம். கரு மேலோட்டில ஒட்டியிருக்குமாம், பிரட்டினால் செத்துப்போமாம்.

மண்ணுக்குள்ள கோடு போட்ட முட்டை எண்டால் எங்கட சனத்துக்கு ஒண்டுதான்: செய்வினை. ஒரு கிழமைக்குள்ள டிஸ்பென்சரியில சனம் முட்டிப்போட்டுது. ஒரு அம்மா தன்ர மருமகளுக்கு ஒரு முட்டை வைக்கச் சொல்லிக் கேட்டவா. "உயிருக்கு ஒண்டும் வேண்டாம் ஐயா, வாயை மட்டும் கட்டினால் காணும்" எண்டாவாம். நாலறையார் அவாவுக்குப் பேதிமருந்து குடுத்து அனுப்பினவர்.

மூண்டு நாளைக்கு ஒருக்கால் ஒரு முட்டையில சின்ன ஜன்னல் வெட்டுவார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினவர். பூதக்கண்ணாடிக்குள்ளால பாத்தால் மஞ்சட்கருவைச் சுத்திச் சிவப்பு நூல் நூலா ஓடுது, நடுவில கடுகளவு ஒரு பொட்டு துடிக்குது. அதுதான் இதயம், முதல் அது வெறும் குழாயாம். பேந்து வளையுமாம். பேந்து உள்ளுக்குச் சுவர் எழும்புமாம். அங்க ஆர் மேசன் எண்டு கேக்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டன். ஏனெண்டால் வெட்டின முட்டை பிழைக்காது. பொட்டு மெல்ல மெல்ல நிண்டிட்டுது. மனுசன் அதைக் கொப்பியில படமாக் கீறினார், அண்டைக்குச் சோறு தின்னேல்லை.

பேந்து ஏன் உந்த வேலை எண்டு கேட்டன். இதயத்தால வெளிக்கிடுற ரெண்டு பெரிய குழாயளுக்கு நடுவில ஒரு சின்ன வாசல் இருக்காம். முதலை தண்ணிக்குள்ள மூச்சடக்கிக் கிடக்கேக்கை, சுவாசப்பைக்குப் போகவேண்டிய இரத்தம் வேற வழியால சுத்தி ஓட அதுவும் உதவுமாம். "புத்தகத்தில இருக்கிறது வெள்ளைக்காரன் கீறின படம், மேசன். சாகமுதல் நான் என்ர கண்ணால பாக்கவேணும்." சின்னக் கருவில அது தெரியாது, நல்லா முத்தின முட்டை வேணும். அதுக்கெண்டு ஒண்டை மட்டும் தொடாமல் வைச்சிருந்தார். மற்றதெல்லாம் முடிஞ்சுது.

ஐப்பசியில முதல் மழை பெய்த காலமை என்னைக் கூப்பிட்டார். மேசையில அந்த முட்டை, கத்தரிக்கோல், கொப்பியில ஒரு வெள்ளைப் பக்கம். கத்தரிக்கோலைக் கிட்டக் கொண்டுபோனார். முட்டைக்குள்ளயிருந்து குட்டித்தவளை மாதிரி ஒரு சத்தம். கையை எடுத்தார். திரும்பக் கொண்டுபோனார், திரும்பவும் கத்திச்சுது.

"தாயைக் கூப்பிடுது, மேசன்."

"வெட்டுங்கோ ஐயா, இதுக்குத்தானே இவ்வளவு நாளும் காத்திருந்தனீங்கள்" எண்டன். எனக்கும் அந்த வாசலைப் பாக்க ஆசை, ஏன் பொய் சொல்லுவான்.

"கூப்பிடுற ஆளை எப்பிடியப்பா வெட்டுறது?"

முட்டையை ரெண்டு கையிலயும் ஏந்திக்கொண்டு, மழைக்குள்ள குளக்கட்டுக்கு நடந்தார். பாதி வழியில ஓடு வெடிச்சுது. குஞ்சு வெளிய வந்த உடனை அவற்ர பெருவிரலைக் கடிச்சுது. விரலை எடுக்கேல்லை. மற்றக் கையால அதின்ர நெஞ்சைத் தொட்டுப் பாத்துக்கொண்டே போனார்.

தண்ணியில விட்டார். குஞ்சு தண்ணிக்கடியில மறைஞ்சிட்டுது. பாத்துக்கொண்டு நிக்கிறம், எழும்பேல்லை. செத்துப்போச்சாக்கும் எண்டு எனக்குப் பதைக்குது. அந்தாள் அசையேல்லை. கன நேரத்துக்குப் பிறகு, தாமரை இலைக்குப் பக்கத்தில ரெண்டு மூக்குத்துவாரம் மெல்ல வந்து நிண்டுது.

"வாசல் வேலை செய்யுது, மேசன்" எண்டார், ஆருக்கும் கேக்காத மாதிரி.

எனக்கு எழுதவும் தெரியாது, கீறவும் தெரியாது. தெரிஞ்சிருந்தால், மழையில நனைஞ்சு, விரலில இரத்தம் வடியச் சிரிச்சுக்கொண்டு நிண்ட அந்த முகத்தை நான் கீறி வைச்சிருப்பன்.