பக்கிரிசாமியின் கட்டைவிரற் போர்

வாழ்க பக்கிரிசாமி! பந்திங் ஊரின் வெண்டைத் தோட்டமாம் வெண்டைநாட்டின் இரண்டு ஏக்கரையும் ஒற்றை மண்வெட்டியால் கட்டியாளும் கொற்றவன், முப்பதாண்டு வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் முதுகு காட்டாத திண்தோளன், உரவிலை ஏறிய நாளில் மட்டுமே உள்ளம் நடுங்கிய உரவோன் வாழ்க! அவன் கட்டைவிரல் நிகழ்த்திய பெரும்போரைப் பாட எமக்கு நாவன்மை தருக, குளிர்காற்று வீசும் அரசு அலுவலகங்களின் அதிதேவதையே!

போரின் காரணம் இது. சிறு விவசாயிகளுக்கு அரசு உர மானியம் அறிவித்திருந்தது. மாதம் முடிவதற்குள் கைரேகை வைத்தவர்க்கே அது கிட்டும்; கிட்டாவிடில் அடுத்த நடவுக்கு உரமில்லை. ஆகவே, இரும்புப் புரவியாம் பழைய மோட்டார் சைக்கிளை ஏழுமுறை உதைத்தெழுப்பி, அடையாள அட்டையை நெஞ்சுப்பையில் கவசமெனத் தரித்து, நம் தலைவன் மானிய அலுவலகத்தின்மேல் படையெடுத்தான்.

அங்கே முகப்பில் வீற்றிருந்தது பகை: உள்ளங்கையளவு உடலும் ஒற்றைக் கண்ணும் கொண்ட கைரேகைக் கருவி. வலக்கட்டைவிரலை ஊன்றினான்; அதன் கண் சிவந்தது. இடக்கட்டைவிரல், மீண்டும் சிவப்பு. சட்டையில் துடைத்தான், வாயால் ஊதினான், முருகனை வேண்டினான், முடிவில் யாரும் கேட்காத சுண்டுவிரலையும் களமிறக்கினான். எல்லாம் தோற்றுத் திரும்பின. முப்பதாண்டு மண்வெட்டிக் காம்பு அவன் ரேகைகளைத் தின்று தீர்த்திருந்தது.

அவ்வேளை வந்தான் சிவநேசன். சுபாங் நகர அடுக்ககமொன்றின் பதினெட்டாம் மாடியில் வாழ்பவன்; தன் பெயரிலுள்ள தோட்டத்தை ஆண்டுக்கொருமுறை கார்க் கண்ணாடிவழியே தரிசிப்பவன்; தாமரையிதழ் விரலினன். தொட்டும் தொடாமலும் தொட்டான். பச்சை! இவனே விவசாயி என்று கருவி சாட்சி சொல்லிற்று. அந்தக் கருவியின்மேல் எமக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

"அங்கிள், உங்க ரேகை வரவே மாட்டேங்குதுலா," என்று திருவாய் மலர்ந்தார் முகப்பில் அமர்ந்திருந்த அலுவலர் குணபூசணி. "பத்து நாளைக்கு மண்வெட்டியத் தொடாதீங்க. லோஷன் தடவிட்டு வாங்க."

"மண்வெட்டியத் தொடலன்னா நான் எப்படிம்மா விவசாயி?"

"சிஸ்டம் அப்படித்தான் அங்கிள்."

அன்று தொடங்கிற்று அருந்தவம். மண்வெட்டியைத் துறந்தான், களைக்கொத்தைத் துறந்தான், அதே சாக்கில் சாப்பிட்ட தட்டைக் கழுவுவதையும் துறந்தான். மனைவி இராஜம்மாவின் ரோஜாமணக் களிம்பை மும்முறை பூசி, கைகளிரண்டையும் மடியில் கிடத்தி, பிளாஸ்டிக் நாற்காலியில் யோகியென அமர்ந்தான்.

"ஏங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய் பறிக்கணுமே, யாரு பறிக்கிறது? எனக்கு ஆறு மணிக்கு ஃபேக்டரி பஸ்ஸு. காய் வாங்க வர்ற பாசார்காரனுக்கு என்னா சொல்றது?" என்று இராஜம்மா முழக்கிய முரசும் அத்தவத்தைக் கலைக்கவில்லை.

"மானியம் வரட்டும், அப்புறம் பேசு!" என்று சூளுரைத்தான் தலைவன்.

பதினோராம் நாள். அலுவலகம் மூச்சடக்கி நிற்க, ரோஜா மணம் திசையெங்கும் கமழ, இறங்கிற்று கட்டைவிரல். பச்சை! வரிசையில் நின்றோர் ஆர்ப்பரித்தனர், குணபூசணியே கைதட்டினார். குழந்தைக் கன்னமென மென்மையுற்ற விரலை விண்நோக்கி உயர்த்தியபடி, தான் விவசாயியே என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட பெருமிதத்தில் மார்பு விம்ம, இரும்புப் புரவி புகைகக்கி முழங்க, வெற்றித்திருமகன் தன் வெண்டைநாட்டினுள் புகுந்தான்.

காயெல்லாம் முற்றிப்போயிருந்தது.