ஏர்னஸ்டீன் உட்கார்ந்த ஸ்டூல்

லூஷியஸ் பெட்வேக்கு அந்த ஆற்றங்கரைப் பாட்டு பியானோவில் வாசிக்க வந்துவிட்டது. ஆனால் கறுப்புக் கட்டைகளில் மட்டும்தான் வந்தது. வெள்ளைக் கட்டைப் பக்கம் விரல் போனால் பியானோமேல் பூனை நடந்த மாதிரி இருக்கும்.

"அதெல்லாம் சரி பிரதர், சபையில ஒட்டிலி அம்மா பாட்டை வேற சுருதியில எடுத்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள் வைனி. சபை வாசலில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஆட்களை உட்கார வைப்பவள் அவள்தான்.

 லூஷியஸ் இதை யோசிக்கவே இல்லை.

அவர் மனைவி ஏர்னஸ்டீன்தான் எங்கள் சபையின் பியானோக்காரி. போன வருஷம் கர்த்தரிடம் போய்விட்டாள். பர்மிங்ஹாமிலிருந்து சம்பளத்துக்கு ஒருவர் வருவார், மின்சார ஆர்கனும் வரும், பழைய பியானோ கீழ்த்தளத்துக்குப் போகும் என்று பாஸ்டர் காலோவே அறிவித்தார். உடனே லூஷியஸ் எழுந்து, "அவ ஸ்டூல்ல நான் உக்காருறேன்" என்று சொல்லிவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே! பாஸ்டரும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

அவள் இருந்தவரை ஞாயிறு தவறாமல் பஸ் ஓட்டிய மனுஷன் அவர். மனைவி சபையில் வாசித்துக் கேட்டதே இல்லை. வீட்டில்தான் கேட்டிருக்கிறார். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றிப் போட்டு உட்காருவார். அடுப்பில் கீரை வெந்துகொண்டிருக்கும். ஏர்னஸ்டீன் அந்த ஆற்றங்கரைப் பாட்டை வாசிப்பாள், அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு இதமாக.  அந்த ஞாபகத்தை வைத்தே ஒவ்வொரு கட்டையாகத் தடவித் தடவிக் கற்றுக்கொண்டார்.

எங்கள் சபையில் பாட்டை எடுப்பது ஒட்டிலி அம்மா. என்ன சுருதி என்று யாரிடமும் சொல்லமாட்டார். எழுந்து நிற்பார், கண்ணை மூடுவார், ஆரம்பித்துவிடுவார். பியானோதான் ஓடிப்போய் அவரைப் பிடிக்க வேண்டும்.

லூஷியஸ் ஒரு பீச் பழப் பையை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனார்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை நாலரைக் கட்டை சுருதியில, அந்தக் கறுப்புக் கட்டையில, எடுத்தீங்கன்னா..."

"எனக்கே பாட்டு சொல்லித் தர்றியா?"

"ஐயையோ, இல்லம்மா..."

"ஆவியானவர் எங்க ஏத்துறாரோ அங்கதான் ஏறுவேன். உன் கட்டைக்காக அவர் காத்துக்கிட்டு நிப்பாரா? பையை வச்சிட்டுப் போ."

அடுத்து பாஸ்டரிடம் ஓடினார். பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் வாசித்துக் காட்டிவிட்டால் ஒட்டிலி அம்மா அதே சுருதியில் சேர்ந்துகொள்வார் என்று ஒரு கணக்கு.

"தாராளமா வாசிங்க பிரதர்!" என்ற பாஸ்டர், பக்கத்து ஊர்ச் சபைக்கெல்லாம் தகவல் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உட்கார இடமில்லை. கிழிந்தது போங்கள்.

லூஷியஸ் முன்னால் கொஞ்சம் வாசித்தார். அழகாகத்தான் இருந்தது. ஒட்டிலி அம்மா பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், பிறகு வேறெங்கோ ஒரு சுருதிக்குப் போய்ப் பாட்டை எடுத்தார்.

லூஷியஸ் துரத்தினார். அவர் வந்து சேருவதற்குள் ஒட்டிலி அம்மா இன்னும் மேலே போய்விட்டார்.

"ஆண்டவரே, அவருக்கு ஒத்தாசை பண்ணும்!" என்று பின் வரிசையில் யாரோ கத்தினார்கள். தடுமாறி மூழ்குகிறவனுக்குத்தான் எங்கள் சபையில் அப்படிச் சொல்வார்கள். பாவம், லூஷியஸ் இன்னும் ஓங்கி அடித்தார்.

அவ்வளவுதான். சபை முழுக்க எழுந்து நின்று பாடியது. கைதட்டல், காலை உதைத்து ஒரு தாளம், ஜன்னல் கண்ணாடி அதிரும்படி ஒரு கோஷம். லூஷியஸுக்குத் தன் வாசிப்பே காதில் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பாதிப் பேர் கண்ணைத் துடைக்கிறார்கள். ஒட்டிலி அம்மா தேம்பித் தேம்பி அழுகிறார்.

ஆராதனை முடிந்ததும் லூஷியஸ் சமையல்கட்டுப் பின்வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். வைனி ஒரு தட்டில் பொரித்த கோழியோடு வந்தாள்.

"எனக்கு வேணாம், வைனி. அவ பேரைக் கெடுத்துட்டேன். இனி அந்த பர்மிங்ஹாம்காரரே வரட்டும்."

"அவரை வரவேணாம்னு சொல்லியாச்சு. உங்களைத் தவிர யாரும் அந்த ஸ்டூல்ல உக்காரக்கூடாதுன்னு ஒட்டிலி அம்மா பாஸ்டரைப் பிடிச்சு உலுக்கிட்டாங்க."

"கேலி பண்ணாத. எல்லாரும் அழுததைப் பார்த்தேனே!"

"அழாம என்ன செய்வோம்? ஏர்னஸ்டீன் போன பிறகு இன்னைக்குத்தான் நாங்க இப்படிப் பாடுறோம்."

"நான் ஒரு இடத்துலகூட ஒட்டிலி அம்மாவைப் பிடிக்கலையே, வைனி!"

வைனி தட்டை அவர் மடியில் வைத்தாள். "உங்க வீட்டுக்காரம்மா மட்டும் என்னைக்குப் பிடிச்சாங்க பிரதர்? நாங்க இப்படித் தொண்டை கிழியப் பாடப் பழகுனதே அந்தப் பியானோ வெளியே கேக்காம இருக்கத்தான்!"